கணவன் கணக்கு, மனைவி கணக்கு: வருமான வரியில் எது யாருடையது?

(நமது அறக்கட்டளை காரியாபட்டியில் நடத்திய குடும்ப வரி விளக்கக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோட்டீஸ் கொடுத்த நாளிலிருந்து அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்த கேள்விகளைக் குறித்து வைத்திருக்கிறோம். அதிகம் பேர் கேட்டது ஒன்றுதான். "நானும் வீட்டுக்காரியும் சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடலாமா? பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள், அதற்கு ஏதாவது கழிவு உண்டா?" அமெரிக்காவில் மச்சான் இருக்கிறார், அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரே கணக்காகத்தான் வரி கட்டுகிறார்கள், நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று ஒரு தம்பி கேட்டார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் அப்படி ஒரு தேர்வு கிடையாது. அமெரிக்காவில் கணவனும் மனைவியும் கூட்டாகக் கணக்குக் காட்டலாம், விரும்பினால் தனித்தனியாகவும் காட்டலாம். இங்கே ஒரு பான் கார்டு, ஒரு ஆள், ஒரு ரிட்டர்ன். நிக்காஹ் ஆனதாலோ பிள்ளை பிறந்ததாலோ வரி விகிதம் மாறுவதில்லை. ஒரு காலத்தில் மாறியது. 1955-56 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் மணமானவருக்கு 2,000 ரூபாய் வரையிலும் மணமாகாதவருக்கு 1,000 ரூபாய் வரையிலும் வரி இல்லை என்று வைத்தார். அந்த வித்தியாசம் பிறகு போய்விட்டது. பெண்களுக்கென்று கொஞ்சம் கூடுதலாக இருந்த வரம்பும் 2012-13 முதல் இல்லை. "லேடீஸுக்குத் தனி லிமிட் உண்டாமே" என்று இன்னும் கேட்கிறார்கள். இல்லை. 2025 பட்ஜெட்டுக்கு முன்னால் பட்டயக் கணக்காளர் நிறுவனம், அதாவது ஆடிட்டர்களின் சங்கம், தம்பதியர் விரும்பினால் கூட்டாகக் கணக்குக் காட்ட வழி செய்யலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. அது பரிந்துரைதான், சட்டம் ஆகவில்லை.

ஜகாத் கணக்கை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் இதேதான். மனைவியின் நகைக்கு நிஸாப் தனி, கணவனின் கடைச் சரக்குக்கு நிஸாப் தனி. குடும்பம் ஒன்று என்பதற்காக இரண்டையும் கூட்டி ஒரே நிஸாப் பார்ப்பதில்லை. சொத்து யாருடையதோ கடமை அவருடையது. ஆகவே "ஆளுக்கு ஆள் தனிக் கணக்கு" என்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. பழக்கத்தில்தான் நாம் அதை மறந்துவிட்டோம்.

கூட்டுக் கணக்கு இல்லாதது எல்லாருக்கும் நஷ்டமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். இப்போது நாம் தாக்கல் செய்வது 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கு. புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்துவிட்டது என்றாலும், இந்த வருமானத்துக்குப் பழைய 1961 சட்டம்தான். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, பிறகு 15, 20, 25 என்று ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். ஆனால் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவும் உண்டு. அதனால் அவருக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை.

கணவருக்கு 9 லட்சம் சம்பளம், ஆசிரியையான மனைவிக்கு 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வருமானம் 17 லட்சம். தனித்தனியாகக் காட்டும்போது இருவருக்குமே வரி பூஜ்யம். பக்கத்து வீட்டில் கணவர் மட்டும் 17 லட்சம் சம்பாதிக்கிறார், மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்கிறார். அந்த வீட்டுக்கு வரி, செஸ் சேர்த்து, 1,30,000 ரூபாய். இரண்டு வீட்டுக்கும் வருமானம் ஒன்று, அடுப்பு ஒன்று, பிள்ளைகளின் எண்ணிக்கைகூட ஒன்றாக இருக்கலாம். வரி மட்டும் ஒன்றல்ல.

இது நியாயமா என்று கேட்டால், முழு நியாயம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். வீட்டில் இருக்கும் பெண்ணின் உழைப்புக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பைசா மதிப்பு இல்லை. அதே நேரம், கூட்டுக் கணக்கு கட்டாயமானால் முதல் வீட்டு ஆசிரியை அடிபடுவார். இங்கிலாந்தில் 1990 வரை மனைவியின் வருமானம் கணவனின் வருமானமாகவே கணக்கிடப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் அங்கே மனைவி தனி ஆள் ஆனார். அந்த விஷயத்தில் நம் சட்டம் மனைவியை முதலிலிருந்தே தனி ஆளாகத்தான் வைத்திருக்கிறது.

இங்கே இன்னொரு கேள்வியையும் தொட்டுவிடுகிறோம், ஏனென்றால் இது கொஞ்சம் கோபத்தோடு கேட்கப்படுகிறது. பக்கத்துக் கடைக்காரர் இந்துக் கூட்டுக் குடும்பம் என்ற பெயரில் தனி பான் வாங்கி, அந்தக் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு ரிட்டர்ன் போடுகிறார். நமக்கு ஏன் இல்லை? இது வரித்துறை செய்த பாரபட்சம் அல்ல. இந்துச் சட்டத்தில் பூர்வீகச் சொத்தில் பிறப்பாலேயே உரிமை வருகிறது. அந்தக் குடும்பத்தை ஒரு தனி அலகாக 1922 வருமான வரிச் சட்டமே ஏற்றுக்கொண்டது. நம் ஷரீஅத்தில் பிறப்பால் சொத்துரிமை கிடையாது. அத்தா உயிரோடு இருக்கும்வரை அத்தாவின் சொத்து அத்தாவுடையது. அவர் மவுத்தான பிறகு ஒவ்வொருவருக்கும் பங்கு தனித்தனியாகப் பிரிகிறது. கூட்டாக நிற்கும் சொத்தே இல்லாதபோது கூட்டுக் குடும்பக் கணக்கு எங்கிருந்து வரும்? கிறிஸ்தவர்களுக்கும் அது இல்லை. இன்னொன்று, 12 லட்சம் வரை பூஜ்யம் என்ற அந்தத் தள்ளுபடி தனிநபருக்கு மட்டும்தான், கூட்டுக் குடும்பக் கணக்குக்குக் கிடையாது. பொறாமைப்பட அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

சரி, சேர்ந்து போட வழி இல்லை. அப்போது ஆண்கள் என்ன செய்கிறார்கள்? வருமானத்தை மனைவி பெயரில் தள்ளிவிடுகிறார்கள். இன்றைக்கு நாம் கூடியதே முக்கியமாக இதைப் பேசத்தான்.

கடை வருமானம் 16 லட்சத்தைத் தாண்டிய ஒருவர், 20 லட்சம் ரூபாயை மனைவி பெயரில் வங்கியில் டெபாசிட் போடுகிறார். 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 1,40,000 வட்டி. மனைவிக்கு வேறு வருமானம் இல்லை, ஆகவே வரி இல்லை என்று நினைக்கிறார். வங்கியில் டிடிஎஸ் பிடிக்காமல் இருக்க மனைவியிடம் அதற்கான படிவத்தில் கையெழுத்தும் வாங்குகிறார். சட்டம் சொல்வது வேறு. மனைவிக்கு அன்பளிப்புக் கொடுப்பதற்கு வரி இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் ஈடு இல்லாமல் கொடுத்த அந்தச் சொத்திலிருந்து வரும் வருமானம் கொடுத்த கணவனின் வருமானத்தோடு சேர்க்கப்படும். 64-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. மேலே சொன்னவருக்கு அந்த வட்டிக்கு மட்டும் 20 சதவீத வரியும் செஸ்ஸும் சேர்த்து 29,120 ரூபாய் வரும். அந்த 1,40,000-ஐ மனைவி மறுபடி டெபாசிட் போட்டு அதிலிருந்து 9,800 வந்தால், அந்த 9,800 மட்டும் மனைவியின் சொந்த வருமானம். வட்டியை நாங்கள் தொடுவதில்லை, ஏழைக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று சிலர் சொல்வார்கள். அது உங்கள் பேணுதல். வரிச்சட்டம் வரவை மட்டும்தான் பார்க்கும்.

கட்டிடமும் அப்படியே. கடைக் கட்டிடத்தை மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறார். முத்திரைத்தாள் ஒரு சதவீதம்தான், அதிலும் உச்சவரம்பு உண்டு, செலவு குறைவு. மாத வாடகை 30,000. வருடத்துக்கு 3,60,000-இல் பராமரிப்புக்கென்று 30 சதவீதம் கழித்து 2,52,000. பத்திரப் பதிவு அலுவலகத்தில் உரிமையாளர் மனைவி. வரித்துறையின் கண்ணில் அந்த வாடகைக்கு உரிமையாளர் இன்னும் கணவர்தான். தமிழக அரசு 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் மதிப்பு வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது. நல்ல காரியம், பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அந்தச் சலுகை வேறு, வாடகை யார் கணக்கில் வரும் என்பது வேறு.

கடையில் மனைவிக்குச் சம்பளம் போடுவதாக எழுதுவதும் பார்க்கிறோம். மெடிக்கல் ஷாப் நடத்துபவரின் மனைவி டி.பார்ம் படித்தவர், கவுண்டரில் நின்று மருந்து கொடுக்கிறார், அந்தப் படிப்புக்காகச் சம்பளம் வாங்குகிறார் என்றால் அது அவருடைய வருமானம். கடைப் பக்கமே வராத மனைவிக்கு மாதம் 40,000 என்று நோட்டில் எழுதினால் அது கணவர் கணக்குக்கே திரும்பி வரும். தவறாகக் காட்டியதாக முடிவானால், தப்பிய வரியைப்போல இரண்டு மடங்கு அபராதம் வரை போகும்.

இதைவிட மோசம், இல்லாத தையல் தொழிலை இருப்பதாகக் காட்டுவது. வங்கிக் கடனுக்காக மனைவி பெயரில் டெய்லரிங், டியூஷன் என்று நாலரை லட்சம் வருமானம் எழுதி ரிட்டர்ன் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கே தெரியாது. நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அவர் பெயருக்குத்தான் வரும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-இல் தொடங்கியபோது வந்த விதிகளைப் பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் சம்பாதித்து வருமான வரி கட்டுகிறவர் வீட்டுக்குத் தொகை இல்லை. உண்மையில் அந்த 1,000 ரூபாய்க்குத் தகுதியான ஒரு பெண், ஆடிட்டர் ஆபீஸில் யாரோ தட்டிய ஒரு கற்பனை எண்ணால் தகுதி இழக்கலாம். பிள்ளையின் உதவித்தொகைக்கு வாங்கும் வருமானச் சான்றிதழோடும் அந்த எண் மோதும். இன்னொரு பக்கம், ரிட்டர்ன் போட்டாலே உரிமைத் தொகை போய்விடும் என்று பயந்து, பிடித்த டிடிஎஸ்ஸைக்கூடத் திரும்ப வாங்காமல் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். விதியில் இருப்பது வருமானமும் வரியும். ரீஃபண்டுக்காகப் போடும் ரிட்டர்ன் என்ற காரணம் மட்டும் போதாது.

பெயரளவுக்கு எழுதி வைப்பதால் வரும் பெரிய சிக்கல் வரித்துறையில் வருவதல்ல. அது ஜமாஅத்தில் வருகிறது. பக்கத்து ஊரில் ஒருவர் வீடு ஒன்றை மனைவி பெயரில் கிரயம் செய்தார். வாடகையை மனைவி பெயரில் ரிட்டர்ன் போட்டுக் காட்டி வந்தார். அவர் மவுத்தானார். இரண்டு பெண் பிள்ளைகள், ஆண் வாரிசு இல்லை. ஃபராயிள் கணக்கில் மனைவிக்கு எட்டில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, மீதி 24-இல் 5 பங்கு இறந்தவரின் தம்பிக்கு. தம்பி சொன்னார்: "அது டாக்ஸுக்காக மதனி பேரில் போட்டது, அண்ணனுடைய சொத்துதான், எனக்கும் அதில் பங்கு உண்டு." அந்தப் பெண் சொன்னார்: "எனக்கென்று வாங்கிக் கொடுத்தார்." இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. இறந்தவர் தம்பியிடம் ஒரு மாதிரியும் மனைவியிடம் ஒரு மாதிரியும் பேசியிருக்கிறார். அவர் என்ன நிய்யத்தில் எழுதினார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இத்தா முடியாத பெண்ணிடம், உன் வீடு உன்னுடையதா என்று கேட்கும் நிலைமை வந்தது. கடைசியில் தம்பி விட்டுக்கொடுத்தார், அல்ஹம்துலில்லாஹ். எல்லாத் தம்பிகளும் விட்டுக்கொடுப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே எங்கள் ஆலோசனை, மனைவிக்குக் கொடுக்காதீர்கள் என்பதல்ல. கொடுங்கள், ஹிபா என்று எழுதி, அவர் ஏற்றுக்கொண்டு, சாவியும் சுவாதீனமும் அவர் கைக்குப் போகும்படி கொடுங்கள். அதில் வரும் வருமானத்துக்கான வரியை நீங்கள் உங்கள் கணக்கில் கட்டிவிடுங்கள். வரி கட்டுவதால் சொத்து உங்களுடையதாக ஆகிவிடாது, அது அவருடையதுதான்.

மனைவி கணக்கில் முறையாக வருமானம் வர வழியே இல்லையா? இருக்கிறது. யோசித்துப் பார்த்தால் அவை எல்லாம் நாம் ஏற்கெனவே அவருக்குக் கொடுக்க வேண்டியவைதான்.

முதலில் மஹர். அந்நிஸா அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே அதை மனமுவந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறது. நீதிமன்றங்களும் மஹரைக் கணவன் தீர்க்க வேண்டிய கடனாகவே பார்த்து வந்திருக்கின்றன. கடனைத் தீர்ப்பது அன்பளிப்பு ஆகாது. நிக்காஹ் பதிவேட்டில் நியாயமான ஒரு தொகை எழுதி, அதற்கு ஈடாக மனை ஒன்றையோ பணத்தையோ கொடுத்தால், ஈடு இல்லாமல் கொடுத்தது என்ற பேச்சுக்கே அங்கே இடம் குறைவு. பதிவேட்டில் 1,001 ரூபாய் என்று எழுதிவிட்டு, பத்து வருடம் கழித்து 30 லட்ச ரூபாய்க் கட்டிடத்தை "மஹருக்காக" என்று பத்திரத்தில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். நம் ஊர்த் தஃப்தரில் மஹர் தொகைகளைப் பாருங்கள். வலீமா மண்டப வாடகையில் பாதிகூட இருக்காது. பெரிய சொத்தாகக் கொடுப்பவர்கள் ஆடிட்டரையும் வக்கீலையும் கலந்து பத்திரத்தில் வாசகத்தைச் சரியாகப் போடுங்கள். நிக்காஹுக்கு முன்பே கொடுத்தது இன்னும் தெளிவு. கொடுத்த தேதியில் அவர் மனைவியாக இருந்திருந்தால்தான் வருமானம் கணவனோடு சேரும் என்று 1963-இல் உச்ச நீதிமன்றம், பிலிப் ஜான் பிளாஸ்கெட் தாமஸ் என்பவர் வழக்கில் சொல்லியிருக்கிறது.

அடுத்தது அத்தா வீட்டுப் பங்கு. பெண் பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு என்பது 1937 ஷரீஅத் சட்டப்படி நம் எல்லாருக்கும் பொருந்தும். அந்தச் சட்டத்தில் விவசாய நிலம் விடுபட்டிருந்தது. மதராஸ் மாகாணம் 1949-இல் திருத்தம் செய்து நம் பகுதிக்கு அதையும் சேர்த்தது. ஆனால் நடப்பில் என்ன? "அண்ணனுக்கு விட்டுக் கொடுத்துட்டேன்" என்று கையெழுத்துப் போடாத அக்கா தங்கைகள் எத்தனை பேர்? பெற்றோரிடமிருந்து வந்த சொத்தின் வாடகை, கணவன் கணக்கில் ஒருபோதும் சேராது. அது முழுக்க அந்தப் பெண்ணின் வருமானம், 12 லட்சம் வரை வரியும் இல்லை. மனைவி பெயருக்குத் தன் வருமானத்தை மாற்ற ஆடிட்டரிடம் வழி கேட்கும் ஒருவர், தன் தங்கையின் பங்கைத் தன் பட்டாவில் வைத்துக்கொண்டு அதன் வாடகைக்கும் சேர்த்து 20 சதவீதம் வரி கட்டிக்கொண்டிருப்பார். இதில் வரி மட்டுமா நஷ்டம்?

மூன்றாவது அவருடைய சொந்த உழைப்பு. ஆசிரியை, நர்ஸ், உண்மையாகவே தைப்பவர், இவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பளத்தை அவர்கள் பெயரில் உள்ள கணக்கில் வாங்கி, வீட்டுச் செலவைக் கணவர் வருமானத்திலிருந்து செய்து, மனைவியின் பணத்தைச் சேமிப்பாகப் போட்டால், அந்தச் சேமிப்பின் வருமானம் அவருக்கே. வீட்டுச் செலவு கணவன் மீது கடமை என்பதை நாம் எல்லாரும் ஓதியிருக்கிறோம். வரிக் கணக்கிலும் அதுதான் வசதியாக இருக்கிறது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். 18 வயது ஆகாத பிள்ளை பெயரில் போட்ட டெபாசிட்டின் வட்டி, தாய் தகப்பனில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். பழைய வரி முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் கழிவு உண்டு, புதியதில் அதுவும் இல்லை. பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது சேராது, உடல் குறைபாடுள்ள பிள்ளையின் வருமானமும் சேராது. 18 முடிந்த மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தால் அதன் வருமானம் அவர்களுடையது, பெற்றோரோடு சேராது. மருமகளுக்குக் கொடுத்தது மட்டும் கொடுத்த மாமனார், மாமியார் கணக்குக்கே வரும். சிறு பிள்ளையின் பணத்துக்கு ஜகாத் உண்டா என்பதில் ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. வரித்துறையில் அந்த வேறுபாடு இல்லை, ஒரே சட்டம்தான்.

யத்தீம் பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள் கவனியுங்கள். தகப்பன் இறந்த பிறகு பிள்ளை பெயரில் உள்ள பணத்தின் வட்டி தாய் கணக்கில் சேரும். நம் மாவட்டத்தில் பட்டாசு ஆலை விபத்து எத்தனை வீட்டில் தகப்பனைக் கொண்டு போயிருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிவாரணப் பணத்தைப் பிள்ளை பெயரில் டெபாசிட் போட்டிருந்தால், தாய்க்கு வேறு பெரிய வருமானம் இல்லாதவரை வரி எதுவும் வராது. ஆனால் வருட வட்டி 50,000-ஐத் தாண்டினால் வங்கி டிடிஎஸ் பிடித்துவிடும். உங்கள் மொத்த வருமானத்துக்கு வரி இல்லை என்றால் டிடிஎஸ் பிடிக்காமல் இருப்பதற்கான படிவத்தைக் கொடுப்பது உங்கள் உரிமை. பிடித்துவிட்டார்கள் என்றால் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்குப் புதிய முறையில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 25,000 ரூபாய் கழிவு உண்டு. தாயும் தகப்பனும் இருவரும் இல்லாத பிள்ளைக்கு மட்டும் தனிக் கணக்கு, கார்டியன் மூலம்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. சவூதியிலிருந்து வீட்டுச் செலவுக்கு மனைவிக்கு அனுப்பும் பணம் மனைவியின் வருமானம் அல்ல. மிச்சம் பிடித்து மனைவி பெயரில் டெபாசிட் போட்டால் அந்த வட்டி உங்கள் இந்திய வருமானமாகச் சேரும். உங்கள் சொந்த என்ஆர்இ கணக்கில் இருந்தால் அந்த வட்டிக்கு வரியே இல்லை. 12 லட்சம் வரை பூஜ்யம் என்பது இங்கே வசிப்பவருக்கு மட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிநாட்டில் வசிப்பவருக்கு இங்கே வாடகை வருமானம் கழிவு போக 5 லட்சம் என்றால் 5,200 ரூபாய் வரி உண்டு.

நம் கையில் உண்மையில் இருக்கும் தேர்வு ஒன்றே ஒன்று, பழைய வரி முறையா புதியதா என்பது. இதுவும் தம்பதிக்குச் சேர்த்து அல்ல, ஆளுக்கு ஆள். கணவர் பழையதில் இருக்கலாம், மனைவி புதியதில் இருக்கலாம். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் புதியதில்தான் வைப்பார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீதும் எல்ஐசி ரசீதும் இருக்கிறதே என்று பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு தடவை கணக்குப் போடுங்கள். 15 லட்சம் சம்பளக்காரருக்குப் புதிய முறையில் 97,500. பழையதில் 50,000 நிலைக்கழிவு, இரண்டு பிள்ளைகளின் டியூஷன் கட்டணமும் எல்ஐசியும் சேர்த்து ஒன்றரை லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000 எல்லாம் போன பிறகும் 2,02,800. நிலைக்கழிவையும் சேர்த்து சுமார் 5,94,000 ரூபாய்க்குக் கழிவு இருந்தால்தான் பழையது புதியதை நெருங்கும். வீட்டுக் கடனும் வாடகைப்படியும் பெரிதாக இருக்கிறவர்கள் பார்க்கலாம், மற்றவர்களுக்கு அது வேண்டாத பாரம். நம் அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடைக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ரசீதுக்காகக் கொடுத்தவர்கள் குறைவு என்றே நம்புகிறோம்.

சம்பளக்காரர் வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம், கடைசி நாளுக்குள் ரிட்டர்ன் போட்டால். அவர்களுக்கு அது ஜூலை 31. கடை, வியாபாரம் உள்ளவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ என்ற படிவம் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒருமுறை புதியதுக்குத் திரும்பிவிட்டால் வியாபாரம் இருக்கும்வரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. ஆகவே கடைக்காரர்கள் அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

கடைசியாகச் சகோதரிகளுக்கு. உங்கள் பான் எண்ணில் வரித்துறை தளத்தில் என்ன பதிந்திருக்கிறது என்று பாருங்கள். ஆண்டுத் தகவல் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது. உங்கள் பெயரில் வரும் வட்டி, வாங்கி விற்ற சொத்து, பிடித்த டிடிஎஸ் எல்லாம் அதில் வரும். பல பேருடைய பதிவில் கம்ப்யூட்டர் சென்டர்காரரின் போன் நம்பரும், யாரோ ஒருவரின் மின்னஞ்சலும்தான் இருக்கிறது. நோட்டீஸ் வந்தாலும் அவருக்குத்தான் போகும், ஓடிபியும் அவருக்குத்தான் போகும். அடுத்த ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து லுஹர் வரை அறக்கட்டளை அலுவலகத்தில் பெண்களுக்கென்று தனியாக ஏற்பாடு செய்திருக்கிறோம், படித்த பெண் பிள்ளைகள் இரண்டு பேர் உதவிக்கு இருப்பார்கள். பான் கார்டு, ஆதார், உங்கள் பெயரில் உள்ள வங்கிப் புத்தகம், உங்கள் சொந்தப் போன், இந்த நான்கையும் எடுத்து வாருங்கள். பாஸ்வேர்டை நீங்களே போட வேண்டும், எங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம்.